பெரிய தட்டு நிறையும் வரை

இரண்டு கையிலும் டீ இருக்கும்போது கதவை எப்படிச் சாத்துவது என்பதற்கு இயற்பியலில் விடை இருக்கிறதா என்று தெரியாது. எனக்குத் தெரிந்த இயற்பியல் கம்மி. அன்றைக்கு நான் செய்தது இவ்வளவுதான்: முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்தேன், நண்டு மாதிரி பக்கவாட்டில் உள்ளே நுழைந்தேன், மிச்சத்தைக் கதவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். ஸ்பிரிங் வைத்த இரும்புக் கதவு. அது எதையும் பார்த்துக்கொள்ளாது.

டமார்.

சுவர் சிலிர்த்தது. மேசை சிலிர்த்தது. அப்புறம் யாரோ நீளமாகப் பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். அதற்கும் அப்புறம் தரை முழுக்க அரிசி.

கதவின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. ‘கதவைக் கையால் பிடித்துச் சாத்தவும். உள்ளே குழந்தை தூங்குவதாக நினைத்துக்கொள்ளவும்.’ எழுதியது என் அக்கா. ஒட்டியது நான். அது கோணலாக ஒட்டியிருக்கிறது என்று அக்கா சொன்னபோது, குழந்தை தூங்குகிறது, சத்தம் போடாதே என்று அவளையே அடக்கியதும் நான்தான்.

அந்த அறையில் ஒரு கல் மேசை. எந்த அதிர்வையும் தாங்கும் என்று விற்றவர் சத்தியம் செய்த மேசை. அதன்மேல் மூன்று மின் தராசுகள். ஒவ்வொரு தராசின்மேலும் ஒரு வட்டத் தட்டு. சின்னது டீ சாசர் அளவு, நடுவிலது சாப்பாட்டுத் தட்டு அளவு, பெரியது கார் ஸ்டியரிங் அளவு. ஒவ்வொன்றிலும் கூம்பாகக் குவிந்த அரிசி மேடு. மேட்டுக்கு மேலே ஒரு மெல்லிய ஊசிக்குழாய் குனிந்து, பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஒரே ஒரு அரிசியை உறிஞ்சி எடுத்து, நிமிர்ந்து, உச்சியில் விடும். மறுபடி குனியும். ராத்திரி பகல் இல்லாமல் இதே வேலை. அதற்குக் ‘கொக்கு’ என்று பெயர் வைத்தது நான். அறிவியலுக்கு இதுவரை என் பங்களிப்பு அதுதான்.

புத்தகங்களில் இதன் பெயர் மணல்மேடு. ஆனால் நிஜ மணலை இப்படிக் குவித்தால் அது வேகமெடுத்து உருண்டுவிடுகிறது, கணக்குக்கு ஒத்துவருவதில்லை. நீள அரிசிதான் ஒத்துவந்தது. “மணல் ஓடும்டா. அரிசி தயங்கும். சரியறதுக்கு முன்னாடி தயங்கத் தெரியணும், அப்பதான் இதுல ஏதாவது சுவாரசியம் இருக்கும்” என்பாள் அக்கா. நாங்கள் மூட்டை மூட்டையாக அரிசி வாங்குவதைப் பார்த்துக் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார்.

“இங்க ஆராய்ச்சி நடக்குதா, மெஸ் நடக்குதா?”

“ரெண்டும் இல்ல சார். கொட்டறோம், பெருக்கறோம்” என்றேன். அக்கா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் வீட்டில் அவள் கணவர், என் மாமாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அக்கா அங்கே பேராசிரியர். நான் ஆய்வக உதவியாளன். அக்கா சிபாரிசில் வந்தவன் என்று சிலர் சொல்வார்கள். தப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அவள் தேடியது இதைத்தான். அரிசியை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால் மேடு மெல்ல மெல்லச் செங்குத்தாகும். ஒரு கட்டத்தில் இனி தாங்காது என்ற நிலைக்கு வந்து, அந்த நிலையிலேயே நின்றுகொள்ளும். அதற்குப் பிறகு விழுகிற ஒவ்வொரு அரிசியும் ஒரு சூதாட்டம். ஒன்றும் நடக்காமல் போகலாம். நாலு அரிசிமணி நகரலாம். ஒரு பக்கமே இடிந்து தட்டிலிருந்து வழியலாம். வழிந்த எடையைத் தராசு சொல்லும். சின்னச் சரிவுகள் ஏராளம், பெரியவை அபூர்வம், ஆனால் வரைபடத்தில் எல்லாம் ஒரே கோட்டில் வந்து உட்காரும். வழக்கமான அளவு என்று ஒன்று அங்கே கிடையாது. தட்டு பெரிதாக ஆக அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் தூரம் நேராகப் போய்விட்டு வளையும். மூன்று தட்டுகளின் கோடுகளையும் சரியான விகிதத்தில் நீட்டிச் சுருக்கினால் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்துவிட வேண்டும். சின்னத் தட்டும் நடுத்தட்டும் உட்கார்ந்துவிட்டன. பெரிய தட்டுதான் பாக்கி. அது நிறைந்து, அந்த நிலைக்கு வந்து, அப்போதுதான் வழிய ஆரம்பித்திருந்தது.

அதைத்தான் நான் இரண்டு டீயோடு வந்து முடித்துவைத்தேன்.

இரண்டாவது டீ அக்காவுக்கு. அவள் அந்த அறைக்கு வந்து மாதக்கணக்கில் ஆகிறது. கேண்டீனில் நின்றால் என் வாய் தானாக “ரெண்டு” என்று சொல்லிவிடும். வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்கவா முடியும்? ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதை அவள் மேசையில் வைத்துவிடுவேன். சாயங்காலம் கழுவிவைப்பேன்.

முதுகுவலி என்றுதான் ஆரம்பித்தாள். மேசைமேல் குனிந்து குனிந்து வந்த வலி என்று நாங்கள் எல்லோருமே சொன்னோம். அப்புறம் பசியில்லை என்றாள். அப்புறம் மாடிப்படியில் பாதியில் நின்று, ஜன்னல் வழியாக மரத்தைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்தாள். ஒவ்வொன்றும் நாலு அரிசிமணி நகர்கிற மாதிரிதான் இருந்தது. வீட்டில் யாருக்கும் தராசு பார்க்கத் தோன்றவில்லை. ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் ஆரம்பித்தது கல்லீரல்வரை போயிருந்தது.

துடைப்பத்தை எடுத்தேன். போன் அடித்தது. அக்கா வீட்டில் படுத்தபடியே தராசு எண்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்கொத்திப் பாம்பு.

“டேய், பெரிய தட்டுல என்னடா ஆச்சு?”

சொல்லியிருக்கலாம். கதவு என்று ஒரு வார்த்தை. ஆனால் அந்தக் குரலில் என்னவோ ஒரு துள்ளல் இருந்ததுபோல எனக்குப் பட்டது. கீமோ ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து அந்தத் துள்ளலைக் கேட்டதில்லை.

“சரிஞ்சிடுச்சுக்கா. செம பெருசு. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

“அப்படியா” என்றாள். “ரொம்ப அழகா இருக்குடா.”

“இல்லியா பின்ன? யார் பார்த்துக்கற தட்டு?”

“அதான. தரையெல்லாம் பெருக்கு. வழுக்கி விழுந்து வைக்காத, அப்பறம் அதையும் நான்தான் அளக்கணும்.”

ஆய்வகத்தின் சட்டப்படி, வெளியிலிருந்து குலுங்கிய மேடு செத்த மேடு. தட்டைத் துடைத்துவிட்டு முதல் அரிசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். துடைத்தால் எடை பூஜ்யத்துக்குப் போகும், அக்காவுக்குத் தெரிந்துவிடும். அதனால் துடைக்கவில்லை. பல்லுப்போன வாய் மாதிரி நின்ற மூன்று மேடுகளின்மேலும் கொக்குகள் ஒன்றும் நடக்காதது மாதிரி அரிசி போட்டுக்கொண்டிருந்தன. அவை நல்ல பிள்ளைகள். கேள்வி கேட்காது.

மறுநாள் ‘கோடு’ வந்தார். அக்காவோடு சேர்ந்து கட்டுரை எழுதுகிற தியரிக்காரர். எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு நேர்கோட்டைப் பார்த்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர். அவருக்குச் சரிவுகளின் அளவு மட்டும் போதும். எந்த நேரத்தில் சரிந்தது என்று அனுப்பினால், “நேரமெல்லாம் எதுக்குப்பா, குப்பை” என்று வெட்டிவிடுவார். காகிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பார்த்தியா? எங்க வரணுமோ அங்க வந்து உக்காந்திருக்கு! இந்த ஒரு புள்ளிக்காக நான் எத்தன நாள் காத்திருந்தேன் தெரியுமா?”

கோட்டின் கடைசி முனையில் என் கதவு உட்கார்ந்திருந்தது. கச்சிதமாக. வாழ்க்கையில் நான் செய்த ஒரு காரியம் முதன்முதலாகக் கணக்குக்குப் பொருந்தியிருக்கிறது. அது இதுவா இருக்கணும்?

“சார்,” என்றேன். “அடுத்த அரிசி விழுந்தா என்ன ஆகும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா?”

“கேள்வியே தப்பு.”

“சரி, பெருசா விழப்போற மேடு பார்க்க எப்படி இருக்கும்?”

“சும்மா நிக்கற மேடு மாதிரியேதான் இருக்கும். எந்த மேடு விழும்னு கேக்கக் கூடாதுப்பா. ஆயிரம் மேட்டப் பார்த்தா எத்தனை மேடு விழும்னு கேளு, சொல்றேன்.”

“என்கிட்ட ஒரு மேடுதான் சார் இருக்கு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமான கண்ணாடி.

கண்ணாடி என்றதும் மாமாதான். மாமாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. எதைக் கேட்டாலும், “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று திருப்பிக் கேட்டே பழகிய மனுஷர். அந்த வாரம் டாக்டரிடம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். டாக்டர் படங்களை விளக்கில் மாட்டினார். பாதிப் பேர் இவ்வளவு நாள் தாண்டுவார்கள், பாதிப் பேர் தாண்டமாட்டார்கள், ஆனால் சிலர் ரொம்ப தூரம் போவதும் உண்டு, ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்றார். அவரும் கோடுதான். வேறு சட்டை போட்டிருந்தார்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியவேண்டியிருந்தது. தட்டைத் துடைத்து முதலிலிருந்து ஆரம்பித்தால், பெரிய தட்டு நிறைந்து அந்த நிலைக்கு வர இரண்டு மாதம் ஆகும். அக்காவுக்கு இரண்டு மாதம் இருக்கிறதா? இருந்தால் உண்மையைச் சொல்லித் துடைத்துவிடலாம். இல்லையென்றால் என் கதவையே அவள் பார்த்துவிட்டுப் போகட்டும். இவ்வளவுதான் கேள்வி. அதை நான் எப்படிக் கேட்டேன் தெரியுமா?

“டாக்டர், அக்காவோட கண்ணாடி பவர் மாறியிருக்கு. புதுசு போடலாமா, இல்ல பழசே ஓட்டிடலாமா?”

டாக்டர் சிரித்தார். “போடுங்களேன். நல்லா படிக்கட்டும்.”

என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

வெளியே வந்து மாமாவிடம், “என்ன மாமா சொல்றாரு மனுஷன்?” என்றேன்.

“நல்லவிதமாத்தான் சொல்றாரு.”

“எது நல்லவிதம்?”

“போடச் சொன்னாருல்ல?” என்றார் மாமா. அவர் குரல் பாதியில் வேறு எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது. “பக்கத்துல படிக்கவும் தூரத்துல பார்க்கவும் ஒண்ணா இருக்கற லென்ஸ். நானே இழைக்கறேன்.”

இழைத்தார். கடையை மூடிவைத்துவிட்டு இழைத்தார். பெட்டியில் வைத்து, இரண்டு வருஷ வாரண்டி அட்டையும் போட்டுக் கொடுத்தார். அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கடை முதலாளியே புருஷன். வாரண்டி எதுக்குங்க?”

“எல்லாருக்கும் குடுக்கறதுதான்” என்றார் மாமா. சட்டென்று தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனார். தண்ணீர் சொம்பு அக்காவின் பக்கத்திலேயே இருந்தது.

நான் அன்று அங்கேயே உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். கேண்டீன்காரரும் காவலாளியும் போட்ட சண்டை, கோடு தப்பான வகுப்பில் போய்ப் பாடம் எடுத்தது, எல்லாம். அக்கா சிரித்தாள். சிரித்தால் வலித்தது, வலிக்கிறது என்று காட்டாமல் இருக்க இன்னும் சிரித்தாள். அவள் கை போர்வையின்மேல் கிடந்தது. மோதிரத்தை நூல் சுற்றிப் போட்டிருந்தாள், அப்படியும் கழன்று கழன்று வந்தது.

“தட்டு எப்படிடா இருக்கு?” என்றாள் கடைசியில்.

“ஜம்முனு இருக்குக்கா. உன்ன விசாரிச்சுது.”

“என்னன்னு?”

“எப்ப வருவாங்கன்னு.”

அக்கா கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள். முதலில் கீழ்ப்பாதி வழியாக, அப்புறம் மேல்பாதி வழியாக. “நாளைக்கு வரேன்னு சொல்லு” என்றாள்.

வந்தாள். மாமா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மத்தியானம், வராந்தாவில் யாருமில்லை. கதவை மாமா பிடித்து, கடைசி விரற்கடைவரை கூடவே போய், சத்தமே இல்லாமல் சாத்தினார். அவருக்கு யாரும் காகிதம் ஒட்டிக் காட்டவேண்டியிருக்கவில்லை.

அக்காவின் மேசையில் அன்றைய இரண்டாவது டீ ஆறிப்போய் இருந்தது. எட்டி எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

“தினமும் வைக்கறியா?”

“கேண்டீன்ல ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்.”

“அந்தாளா? சக்கரையே எண்ணிப் போடுவான்.”

சிரிக்கப் போனேன். அவள் சிரிக்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை நகர்த்தச் சொன்னாள். மூன்று மேடுகளையும் குனிந்து பார்த்தாள். கொக்கு ஒன்று அவள் மூக்குக்கு முன்னால் அரிசியை விட்டுவிட்டு நிமிர்ந்தது.

“கோடுகிட்ட அந்தப் புள்ளிய எடுக்கச் சொல்லிட்டேன்” என்றாள்.

நான் கதவைப் பார்த்தேன்.

“ஒரு தட்டு சரிஞ்சா அது அரிசி. மூணு தட்டும் ஒரே நொடியில சரிஞ்சா அது என் தம்பி.”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் லேசாகக் குலுங்கியது. சிரிப்பா என்று தெரியவில்லை.

“அன்னிக்கே தெரியுமா?”

“போன் பண்றதுக்கு முன்னாடியே தெரியும். சொல்லுவேன்னு பார்த்தேன். நீ குதிச்சுக்கிட்டு, பார்த்துக்கிட்டே இருந்தேன்னு சொன்ன. எவ்வளவு நாளாச்சு உன் குரல்ல அந்தச் சந்தோஷத்தக் கேட்டு. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

“உன் குரல்ல சந்தோஷம்னு நெனச்சுத்தான்கா நான்...”

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஒரு நூல் வந்து மேலே விழுந்த மாதிரி இருந்தது.

“டாக்டர்கிட்ட என் கண்ணாடியப் பத்திக் கேட்டியாமே.”

“மாமா சொல்லிட்டாரா?”

“உங்க ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல? ஒருத்தன் ஜோக்கா கேக்கறான், ஒருத்தர் வாரண்டி அட்டை தராரு. ஜோக்கா கேட்டா ஜோக்காத்தான்டா பதில் வரும். என்கிட்ட ஏன் கேக்கல?”

அவள் என் மணிக்கட்டை விட்டுவிட்டு மேசைப் பக்கம் திரும்பினாள்.

“கொக்க நிறுத்து” என்றாள். “துடைக்கலாம்.”

நிறுத்தினேன். ஊசிகள் பாதிக் குனிந்த நிலையில் நின்றன. அறை அப்படி ஒரு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. சின்னத் தட்டை அவள் எடுத்துக்கொண்டாள். மடியில் வைத்து, விரலால் அரிசியை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிக் கிண்ணத்தில் விட்டாள். நடுத்தட்டை மாமா எடுத்துக்கொண்டார். லென்ஸைத் துடைக்கிற துணியாலேயே துடைத்தார். பெரிய தட்டு எனக்கு. வாரக்கணக்காக ஏறியது கொட்டுவதற்கு எவ்வளவு நேரமாகும்? ஒரு சாய்ப்பு. தட்டு வெறும் இரும்பாகப் பளபளத்தது.

தராசுகளில் பூஜ்யம் வந்தது. மூன்றிலும்.

“எல்லாம் என்னாலதான்கா. அந்த டீ மட்டும் வாங்காம இருந்திருந்தா...”

“கடைசி மணியக் குத்தம் சொல்லாத. எத்தன வருஷமா இதத்தான சொல்லிக்கிட்டிருக்கேன்? ஏற்கெனவே மேடு அப்படி நின்னாத்தான் ஒரு மணியால விழும்.” சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்தினாள். “உங்க மாமாவும் இதான் கேட்டுக்கிட்டே இருக்காரு. முதுகுவலின்னு சொன்ன அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருந்தா இப்படி ஆயிருக்குமான்னு. அவருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

மாமா துணியை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்குமேல் மடிக்க அதில் இடமில்லை.

கொக்குகளை மறுபடி ஓடவிட்டேன். பெரிய தட்டில் முதல் அரிசி விழுந்தது. வெறும் இரும்பில் அதற்கு ஒரு சத்தம் உண்டு. பிறகு மேடு வந்துவிட்டால் கேட்காது. டிக். அக்கா காதைச் சாய்த்துக் கேட்டாள். இரண்டாவது அரிசி தட்டின் நடுவிலேயே படுத்துக்கொண்டது. மூன்றாவது அதற்குப் பக்கத்தில்.

“நிறைய எவ்வளவு நாள் ஆகும்டா?”

“அரிசியத்தான் கேக்கணும்...” என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினேன். “ரெண்டு மாசம்.”

“ம்.”

நான் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பெருக்கியும் போகாத அரிசி ஒன்று உள்ளங்கையில் குத்தியது. கேண்டீன், காவலாளி, கோடு, கண்ணாடி என்று வாயில் வந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விழுங்கினேன்.

“அக்கா.”

“சொல்லு.”

“இந்தத் தட்டு நிறையறப்போ நீ இருப்பியா?”

கொக்கு குனிந்தது. எடுத்தது. நிமிர்ந்தது.

“இருக்க மாட்டேன்டா” என்றாள் அக்கா.